தோல் கிட்டங்கியின் ஜன்னல் கண்ணாடி

அக்கா,

இன்று காலை வார்டில் கண்ணாடி மாற்ற ஆள் வந்திருந்தான். சந்துப் பக்கத்து ஜன்னலில் கீழ்க்கண்ணாடி ஒன்று குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. காக்கை மோதியதோ, பந்து பட்டதோ தெரியவில்லை. அவன் வெள்ளைத் தூளில் எண்ணெய் விட்டுச் சப்பாத்தி மாவுபோல மக்குப் பிசைய உட்கார்ந்தான். அந்த எண்ணெய் வாடை பினாயில் வாடையையும் மீறி வார்டு முழுக்கப் பரவியது. நேற்றுப் பிள்ளை பெற்றவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

"எந்தப் பக்கம்மா உள்ள வரணும்? சொரசொரப்பா, வழுவழுப்பா?" என்று கேட்டான்.

"சொரசொரப்பு உள்ள."

"தொடைக்கச் செரமமா இருக்குமே. அழுக்கு ஏறுனா போகாது."

"இருக்கட்டும்ப்பா. மழை பேஞ்சா ஒனக்கே தெரியும்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு மக்கை அழுத்த ஆரம்பித்தான். அவனிடம் சொன்னால் நீளும். உங்களிடம் சொல்லவே வேண்டாம். ஆனாலும் இன்று உங்களிடம் பேச வேண்டும்போல இருக்கிறது. நீங்கள் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. சொல்ல வேண்டிய சேதியும் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ராவுத்தர் அண்ணன் தோல் அடுக்கிவைத்திருந்த தம்முடைய பழைய கிட்டங்கியைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று டாக்டரம்மா சொன்ன அன்று எனக்குச் சந்தோஷமே வரவில்லை, அக்கா. வேடசந்தூர்ப் பக்கத்துக் காட்டுவெளியில் பிறந்தவள் நான். மதுரையில் பயிற்சி முடித்து, வெள்ளை வெளேரென்ற பெரிய வார்டுகளில் வேலை பார்த்துப் பழகியிருந்தேன். பேகம்பூர்ச் சந்துக்குள் நுழைந்து அந்தக் கிட்டங்கியைத் திறந்து காட்டியபோது, தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை வாடை முகத்தில் அடித்தது. சுவரெல்லாம் அந்த வாடை ஊறிக் கிடந்தது. உள்ளே பகலிலும் இருட்டு. ஜன்னல் என்று சொல்ல ஒன்றும் இல்லை, மேலே காற்றுக்காக விட்ட சின்னச் சின்னத் திறப்புகள் மட்டும். இதற்குள் வைத்து நான் எப்படிப் பிரசவம் பார்ப்பேன் என்று டாக்டரம்மாவிடம் முணுமுணுத்தேன். அவர் மதுரையிலிருந்து வாரத்தில் சில நாள் வந்துபோவார். மற்ற நாளெல்லாம் என் பாடுதான்.

அப்போதுதான் இருட்டுக்குள்ளிருந்து உங்கள் குரல் கேட்டது. "சொவத்த இடிச்சுப் பெரிய ஜன்னலா வைக்கச் சொல்லியிருக்கேன், நர்சம்மா. பயப்படாதீங்க." வெள்ளைத் துப்பட்டிக்குள் முகம் பாதி மறைந்திருந்தது. என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். கிட்டங்கியைக் கொடுக்கிறவர் அண்ணன். கொடுக்க வைத்தவர் நீங்கள் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

சொன்னபடி சுவரை உடைத்தார்கள். கிழக்கே சந்துப் பக்கம் பார்த்து வரிசையாக மூன்று பெரிய ஜன்னல்கள். ஆசாரி தேக்கில் சட்டம் போட்டார். எந்தக் கண்ணாடி என்று யாரும் யோசிப்பதற்கு முன்பே அண்ணன் ஒரு வண்டி நிறையக் கண்ணாடி கொண்டுவந்து இறக்கிவிட்டார். எங்கேயோ இடித்த பழைய பங்களாவிலிருந்து வாங்கியது. சிவப்பு, பச்சை, மஞ்சள். வெயில் பட்டதும் தரையெல்லாம் கோலம் போட்டதுபோல நிறம் கொட்டியது. அண்ணன் முகத்தில் அப்படியொரு பெருமை.

எனக்கு வாய் வரவில்லை. இடத்தையே கொடுத்த மனிதரிடம் இந்தக் கண்ணாடி ஆகாது என்று எப்படிச் சொல்வது? நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். ஏன் என்று கேட்டீர்கள். குழந்தையின் நிறத்தைப் பார்த்துத்தான் நாங்கள் பாதி நோயைக் கண்டுபிடிக்கிறோம், தாயின் உதடு வெளுத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் ரத்தப்போக்கை அறிகிறோம் என்று காதோடு சொன்னேன். நீங்கள் அண்ணனிடம் நேரே போய், "என்னங்க, செத்த நேரம் இப்பிடி வந்து நில்லுங்க" என்றீர்கள்.

அண்ணன் வந்து நின்றார். ஒரு கன்னம் பச்சை, மறு கன்னம் சிவப்பு.

"நாக்க நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்கன்றேன்ல. நர்சம்மா, இவருக்கு என்ன நோவுன்னு பாத்துச் சொல்லுங்க."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அண்ணன் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாம்பு கடிச்சவன் மாதிரியில்ல இருக்கேன்" என்று அவரும் சிரித்துவிட்டார். அன்று சாயங்காலமே அந்தக் கண்ணாடியெல்லாம் உங்கள் வீட்டு மாடிக்குப் போய்விட்டது. அதில் ஒருவருக்கும் மனஸ்தாபமில்லை.

மனஸ்தாபம் வந்தது நம் இரண்டு பேருக்குள்தான்.

நான் சாதாக் கண்ணாடி கேட்டேன், மேலிருந்து கீழ்வரை. நீங்கள் முடியவே முடியாது என்றீர்கள். ஜன்னலுக்கு வெளியே சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் உங்கள் வீட்டாரின் இன்னொரு கிட்டங்கி. நாள் முழுக்க வண்டியும் ஆளும் நிற்கிற இடம். "ஒரு பொம்பளகூட வரமாட்டா நர்சம்மா. நீங்களும் டாக்டரம்மாவும் மட்டும் உக்காந்து மலைக்கோட்டையப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றீர்கள். திரை போடலாம் என்றால் டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. துணி தொங்கினால் தூசி சேரும், கிருமி சேரும் என்று சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கவிடமாட்டேன் என்றுவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உயிரு பெருசா, மானம் பெருசா அக்கா?" என்று கேட்டேன். மதுரையில் படித்துவிட்டு வந்த திமிரில் கேட்ட கேள்வி இல்லை. அப்போது எனக்கு நிஜமாகவே அது அவ்வளவு எளிதான கேள்வியாகத்தான் தெரிந்தது.

நீங்கள் அடுக்கிக் கிடந்த செங்கல்மேல் உட்கார்ந்தீர்கள். துப்பட்டியைத் தலையிலிருந்து இறக்கினீர்கள். அன்றுதான் உங்கள் முகத்தை முழுசாகப் பார்த்தேன்.

"மொதப் புள்ளைக்கு எங்கம்மா ஊர்ல இருந்தேன். வலி வந்ததும் ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டி கட்டுனாங்க. வாசல்ல வண்டி நின்னுச்சு. தெரைய வெலக்கிப் பாத்தேன். ஜன்னல் வழியா உள்ள ஒரு பொம்பள படுத்திருக்கிறது தெரிஞ்சுச்சு. சேல வெலகிக் கெடக்கு. கண்ணப் பொத்திக்கிட்டு அழுகுறா. ரோட்ல போறவன்லாம் ஒரு பார்வ பாத்துட்டுப் போறான். நான் வண்டியத் திருப்பச் சொல்லிட்டேன்."

நானும் உங்கள் பக்கத்தில் அந்தச் செங்கல்மேல் உட்கார்ந்தேன்.

"வீட்டு உள்ரூம்புலதான் பெத்தேன். ஜன்னலே கெடையாது. ஒசரத்துல ஒரு மஞ்சக் கண்ணாடி மட்டும் இருக்கும். அந்த வெளிச்சத்துல எல்லாமே மஞ்சதான். செவரும் மஞ்ச, எங்கம்மா மொகமும் மஞ்ச. புள்ள சமத்தாத் தூங்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க. பேரு வைக்க முற்றத்துக்குத் தூக்கிட்டு வந்த அன்னிக்குத்தான் வெயில்ல பாத்தோம். கண்ணு வெள்ளகூட மஞ்சளாயிருந்துச்சு. பாலுக்கு வாயத் தொறக்கல. மறுநா மவுத்தாப் போச்சு, அடக்கம் பண்ணிட்டாங்க."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். "எனக்கு ரெண்டும் வேணும் நர்சம்மா. வெளிச்சமும் வேணும், மறைப்பும் வேணும். ரெண்டுல எது கொறஞ்சாலும் எம்புள்ள மாதிரிதான்."

அதன்பிறகு நான் உங்களை எதிர்த்துப் பேசவில்லை. இரண்டும் தருகிற கண்ணாடி எது என்று தேடுவதுதான் நம் இருவரின் வேலையாயிற்று.

நாம் மதுரைக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? ஆண் துணை இல்லாமல் நீங்கள் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. அண்ணன் வேலை விஷயமாக ஆம்பூர்ப் பக்கம் போயிருந்தார். "அவுக வாரவரைக்கும் காத்திருந்தா ஐப்பசி மழை வந்துரும். நம்மளே போவோம்" என்றீர்கள். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தீர்கள். வாடிப்பட்டி தாண்டியதும் பிடி தளர்ந்தது. துப்பட்டியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். "இம்புட்டுப் பச்சையா இருக்கு!" என்றீர்கள், யாரிடமோ குறை சொல்வதுபோல.

கண்ணாடிக் கடைக்காரர் முதலில் பால்போல வெளுத்த கண்ணாடியைக் காட்டினார். மறைப்பு முழுசாக இருந்தது, வெளிச்சம் போதவில்லை. அடுத்தது பூப்போட்ட கண்ணாடி. அதன் பின்னால் போய் நின்றுகொண்டு, "தெரியிதா?" என்று கேட்டீர்கள். நிறம் தெரிந்தது, உருவம் தெரியவில்லை என்றேன். நீங்கள் இந்தப் பக்கம் வந்து என்னை அந்தப் பக்கம் நிறுத்திப் பார்த்தீர்கள். பிடிக்கவில்லை. "அந்தப் பூவுக்கு நடுவுலருந்து ஒருத்தன் எட்டிப் பாக்குற மாதிரியே இருக்கு" என்றீர்கள். பிறகுதான் அவர் மங்கல் கண்ணாடியை எடுத்தார். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறு பக்கம் மணலால் தேய்த்ததுபோலச் சொரசொரப்பு. அதன் வழியே வெளிச்சம் நிறம் மாறாமல் வந்தது. ஆள் பின்னால் நின்றால் நிழல் மட்டும். நீங்கள் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்து, பிறகு ஒரு முழம் தள்ளி வைத்து, பிறகு இன்னும் தள்ளி நின்று, என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

"என்னம்மா, பொண்ணு பாக்க வந்தவுகளவிட ஒசத்தியாப் பாக்குறீங்க" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார்.

"பொண்ணு பாத்தா ஒரு வீட்டுக்குத்தான் நல்லது கெட்டது. இதுல எத்தன வீடு இருக்கு" என்றீர்கள்.

எல்லாம் பார்த்தோம். அந்தக் கண்ணாடிமேல் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்க்க மட்டும் நம் மூன்று பேரில் யாருக்கும் தோன்றவில்லை.

கீழே மங்கல் கண்ணாடி, மேலே சாதாக் கண்ணாடி என்று நாம் முடிவுசெய்தோம். மேலிருந்து வானத்து வெளிச்சம் அப்படியே இறங்கும். எந்த உயரத்தில் பிரிப்பது என்பதில் உங்கள் பிடிவாதத்தைச் சொல்ல வேண்டும். சுமை தூக்குகிற காதர்தான் அந்தச் சந்திலேயே நெட்டையான ஆள். அவரைக் கூப்பிட்டு ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினீர்கள். "எக்கிப் பாருங்க காதர்ணே. இன்னும் எக்குங்க." அவர் நுனிக்காலில் நின்று கழுத்தை நீட்டியும் எட்டாத உயரத்தில் ஆசாரி கோடு கிழித்தார். கட்டிலில் படுத்துப் பார்த்தால் மேல்கண்ணாடியில் வானமும் மலைக்கோட்டையின் ஒரு ஓரமும் மட்டும் தெரியும். வழுவழுப்பான பக்கத்தை உள்ளே வைத்து ஆசாரி பொருத்தினார். வார்டுக்குள் தினமும் துடைக்க வேண்டுமே; எல்லோருக்கும் அதுதான் சரியென்று பட்டது.

முதலில் கிராமத்துப் பெண்கள்தான் வந்தார்கள். பூக்காடுகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் வேலை செய்கிறவர்கள். சந்தைக்கு வந்த வண்டியிலேயே ஏறி வந்து, பெற்றெடுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் தெருப் பெண்கள் வரவில்லை. நீங்கள் வீடு வீடாகப் போனீர்கள். கூட்டி வந்து வார்டுக்குள் உட்கார வைப்பீர்கள். பிறகு அவர்களை வெளியே சந்துக்குக் கூட்டிப்போய், உள்ளே என்னை நடக்கச் சொல்லிக் காட்டுவீர்கள். அப்படித்தான் ஜமீலாவின் மாமியாரும் மசிந்தார். ஜமீலாவுக்கு அது தலைப்பிரசவம். உங்கள் தெருவிலிருந்து முதலில் வந்தவள் அவள்தான்.

வலி கண்டு வந்த அன்று ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

பகல்தான். ஆனால் வானம் கறுத்து வார்டு முழுக்க இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டேன். ஜமீலாவுக்கு வலி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீங்கள் தலைமாட்டில் நின்று அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். கிழக்கிலிருந்து காற்று சுழற்றி அடிக்க, சாரல் நேராக ஜன்னலில் வந்து விழுந்தது. திடீரென்று ஜமீலா வீறிட்டாள். வலியில்தான் என்று நினைத்தேன். அவள் கை ஜன்னலைக் காட்டியது.

கண்ணாடி தெளிந்துவிட்டது, அக்கா. வெளிப்பக்கத்துச் சொரசொரப்பில் தண்ணீர் ஓட ஓட, மங்கல் கரைந்து சாதாக் கண்ணாடிபோல ஆகிவிட்டது. எதிர்க் கிட்டங்கிச் சார்ப்பில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஆட்களின் முகம் ஒவ்வொன்றும் தெரிந்தது. நமக்கு அவர்கள் தெரிந்தால், விளக்கு எரிகிற அறைக்குள் நாம் அவர்களுக்கு எப்படித் தெரிந்திருப்போம்!

"வெளக்க அமத்துங்க!" என்று மாமியார் கத்தினார். "எம்மருமகள ஊரே பாக்குது. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"இப்ப அசைக்கக் கூடாதும்மா. தலை தெரியிது. வெளக்க அமத்துனா நான் எதப் பாத்துப் பிள்ளைய எடுப்பேன்?"

அவர் கேட்கவில்லை. ஜமீலாவின் தோளைப் பிடித்துத் தூக்கவே தொடங்கிவிட்டார். அவளும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

நீங்கள் துப்பட்டியை உருவி ஆயாவின் கையில் திணித்தீர்கள். "இத அந்த ஜன்னல்ல புடி" என்றீர்கள். மற்ற இரண்டு ஜன்னல்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் யோசிப்பதற்குள் வாசல் கதவு திறந்து மூடியது. தெளிந்த கண்ணாடி வழியே உங்களைப் பார்த்தேன். முந்தானையை மட்டும் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கொட்டுகிற மழையில் சந்தின் நடுவில் நின்றீர்கள். அந்தத் தெரு ஆண்கள் யாரும் அதுவரை உங்களை அப்படிப் பார்த்ததில்லை. சுவரைத் தாண்டி உங்கள் குரல் கேட்டது.

"எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்க! உள்ள ஒரு புள்ளைக்கு வலி. காதர்ணே, அந்தத் தார்ப்பாய எடுத்துட்டு வாங்க!"

"வண்டில தோலு இருக்கும்மா. ராவுத்தர் லோடு. நனைஞ்சு போயிருமே."

"நனையட்டும்!"

காதரும் இன்னும் சிலரும் வண்டியிலிருந்து தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தலைக்குப் பின்னால் கையை உயர்த்தி அதைப் பிடித்தார்கள். இரண்டு ஜன்னலும் மறைந்தன. மேல்கண்ணாடி மட்டும் மறையாமல் இருந்தது. அவர்கள் விரல் நுனிகள் தார்ப்பாயின் விளிம்பில் வரிசையாகத் தெரிந்தன. அந்த விரல்களைப் பார்த்ததும் மாமியார் கையை எடுத்துவிட்டார். ஜமீலா திரும்பவும் படுத்தாள்.

பெண் குழந்தை. அது அழுத சத்தம் கேட்டதும் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து ஒரே ஆரவாரம். ஆனாலும் ஒருவர்கூடத் திரும்பவில்லை. நீங்கள் உள்ளே வந்தபோது குளிரில் உங்கள் பற்கள் கிடுகிடுத்தன. அண்ணன் செய்தி கேட்டுக் குடையோடு வந்தார். நனைந்து கிடந்த தோல் வண்டியைப் பார்த்தார், நனைந்து நின்ற உங்களைப் பார்த்தார். "புள்ள பொறந்துருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. ஜமீலாவுக்குக் கஞ்சி கொண்டுவந்தீர்கள். நான் மறு கட்டிலில் வேலையாக இருந்தேன். மேல்கண்ணாடி வழியே வெயில் தொட்டிலில் விழுந்திருந்தது. கஞ்சிக் கிண்ணம் தரையில் விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

"நர்சம்மா. இந்தப் புள்ள கண்ணப் பாருங்க."

ஓடிவந்து இமையைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை விழியில் மஞ்சள் இழைந்திருந்தது. பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அவ்வளவு சீக்கிரம் வந்தால் அது கெட்டது. சாயங்காலம்வரை விட்டிருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்று டாக்டரம்மா பின்னால் சொன்னார். அண்ணனின் காரில் நாமிருவரும் குழந்தையை மதுரைக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் நீங்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு உதடு அசையத் துவா ஓதிக்கொண்டே வந்தீர்கள். அங்கே அதன் ரத்தத்தை எடுத்துவிட்டுப் புது ரத்தம் ஏற்றினார்கள். தேறி வரும்வரை நீங்கள் வீட்டுக்குப் போகவில்லை. அது பால் குடிக்க வாயைத் திறந்தபோது நீங்கள் அழுத அழுகைக்கு அந்த வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் பயந்துவிட்டார்கள், ஏதோ ஆகிவிட்டது என்று.

ஆசாரி வந்து கண்ணாடிகளைக் கழற்றித் திருப்பிப் போட்டார். சொரசொரப்பு உள்ளே, வழுவழுப்பு வெளியே. நீங்கள் ஒரு குடம் தண்ணீரை வெளியே நின்று வீசி அடித்தீர்கள். உள்ளே நான் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் உங்கள் தெருப் பெண்களுக்குக் கட்டில் போதவில்லை.

கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் நீங்கள் வந்து, வாந்தியாக இருக்கிறது என்றீர்கள். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு நான் சிரித்தேன். நீங்கள் நம்பவில்லை. அத்தனை வருடம் கழித்து இனி எங்கே என்றீர்கள். அதே வார்டில், சந்துப் பக்கத்துக் கட்டிலில், உங்களுக்கு மகள் பிறந்தாள். நான் அவளைத் துடைத்து உங்கள் கையில் கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. "மொதல்ல வெளிச்சத்துல காட்டு, தங்கச்சி" என்றீர்கள். அதுவரை நான் உங்களுக்கு நர்சம்மாதான். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். நல்ல செவப்பு, அக்கா. கைகால் உதறிக்கொண்டு ஊரைக் கூட்டினாள்.

அவளை வளர்க்க அல்லா உங்களுக்குக் கொடுத்த காலம் கொஞ்சம்தான். ஒரு கோடையில் நெஞ்சு வலி என்று படுத்தீர்கள். டாக்டரம்மா வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெண்களோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். வேற்று வீட்டுக்காரி என்று யாரும் என்னை ஒதுக்கவில்லை. உங்கள் மகள் வந்து என் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

இனிதான் அந்தச் சேதி. போன மாதம் அவள் பெரிய மனுஷி ஆனாள். உறவுக்காரர்கள் கூடி, இனிமேல் பள்ளிக்கூடம் எதற்கு என்றார்கள். அண்ணன் பாவம், இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் போனேன்.

"ஊரு பேசும் தங்கச்சி. அவ இருந்திருந்தா என்ன செய்யணும்னு சொல்லியிருப்பா. எனக்கு ஒண்ணும் ஓடல" என்றார்.

"அக்கா என்ன சொல்லியிருப்பாகன்னு நாம ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு சொல்ல வேணாம்ணே. புள்ளையவே கேப்போம்."

அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். கூப்பிட்டதும் தகப்பன் முன்னால் வந்து, "நான் பள்ளிக்கூடம் போறேன் அத்தா" என்றாள். நிமிர்ந்துதான் சொன்னாள். அண்ணன் அவள் தலையில் கையை வைத்தார். பிறகு, "சரி, போயிட்டு வா" என்றார்.

இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கே வந்துவிடுகிறாள். அண்ணன் கிட்டங்கியை அடைத்துவிட்டு வருகிறவரை வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். எனக்குத் தெரியாத கணக்கெல்லாம் போடுகிறாள். பசித்தால் என் டப்பாவைத் திறந்து கேட்காமல் எடுத்துச் சாப்பிடுகிறாள். தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் சரியில்லை என்று குறை வேறு. நான் கல்யாணம் காட்சி என்று எதுவும் பார்க்காமல் பிள்ளைகளைப் பிறக்க வைத்தே காலத்தை ஓட்டியவள். ஒரு பிள்ளை என்னிடம் குறை சொல்வது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

நேற்று, புதிதாக வந்த ஒரு பெண் அவளைக் காட்டி, "யாரும்மா இந்தப் பொண்ணு?" என்று கேட்டாள். உங்கள் பெயரைச் சொல்லித்தான் எப்போதும் பதில் சொல்வேன். நேற்று என்னவோ வாய் முந்திக்கொண்டது. "எம்மகதான்" என்று சொல்லிவிட்டேன். அவள் பென்சிலைக் கடித்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை, திரும்பவும் கணக்கில் குனிந்துகொண்டாள்.

நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும், அக்கா. இருந்தாலும் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் அல்லவா?